முன்னே ஒருவர், பின்னே ஒருவர்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில், பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் எங்கள் எலும்பு முறிவுப் பிரிவில் அனுமதிக்கப்பட்டார். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன. இடது மணிக்கட்டிலும் முறிவு. ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்து மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. நண்பர்கள் ஐந்து பேருடன் கொல்லிமலைக்குப் புறப்பட்டவர், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில், எத்தனையாவது வளைவு என்று அவருக்கே நினைவில்லாத ஓரிடத்தில் விழுந்தார். உடன் வந்தவர்கள் மேலே ஒரு தேநீர்க் கடையில் வண்டிகளை நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்த பிறகே, ஒருவர் இன்னும் வந்து சேரவில்லையே என்று ஐயுற்றார்கள். அதற்குள், வாழைத்தார் ஏற்றி மலையிறங்கிய மினி லாரியின் ஓட்டுநர் அவரைக் கண்டு 108-ஐ அழைத்துவிட்டிருந்தார்.

அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள், படுக்கையருகே அமர்ந்திருந்த அவருடைய தாயார் எங்கள் செவிலியரிடம் கேட்டார்: “அஞ்சு பேரு கூடப் போனாங்களேம்மா, ஒருத்தருகூடவா பக்கத்துல இல்ல?”

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் விடை இல்லை. தாயும் மகனும் ஒப்புதல் தந்ததால் இங்கே எழுதுகிறோம். ஊரும் பேரும் வேண்டாம் என்றார்கள்.

பின்னர் அந்த இளைஞர் நடந்ததை விரிவாகச் சொன்னார். குழுவில் அவரே புதியவர். ஆகவே மெதுவாகச் சென்றார். ஆகவே கடைசியில் சென்றார். முன்னால் சென்றவர்கள் ஒவ்வொரு வளைவிலும் சற்று நேரம் கண்ணுக்கு மறைந்து மீண்டும் தென்பட்டார்கள். ஒரு கட்டத்தில் அவர்கள் தென்படவே இல்லை. எட்டிப் பிடித்துவிடலாம் என்று வேகத்தைக் கூட்டினார். அடுத்த வளைவு அவர் எண்ணியதைவிடக் குறுகலாக இருந்தது. மழை பெய்து ஓய்ந்த சாலை. பயத்தில் பின் பிரேக்கை முழு வலிமையுடன் மிதித்தார். பின்சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் சென்றது.

இதில் எவரும் தீய எண்ணத்துடன் நடந்துகொள்ளவில்லை. ஐந்து நண்பர்களும் வார்டுக்கு வந்து தலைகுனிந்து நின்றதை நாங்கள் பார்த்தோம். ஆறு பேர் ஒன்றாகப் புறப்பட்டார்கள்; ஆறு பேரும் தனித்தனியாகத்தான் ஓட்டினார்கள். குழுப் பயணம் வேறு, துணைப் பயணம் வேறு.

கற்பவருக்குத் துணை என்றால் என்ன

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட 2022ஆம் ஆண்டின் அறிக்கைப்படி, அவ்வாண்டு இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கும் மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் மட்டும் ஐம்பதாயிரத்தைத் தாண்டினர். எங்கள் வார்டுகளில் இந்த எண்களுக்கு முகம் உண்டு. அந்த முகங்களில் பல மிக இளையவை.

நம் ஊர்களில் வண்டி பழகும் முறையை அனைவரும் அறிவோம். பள்ளிக்கூட மைதானத்திலோ வீட்டுமனை பிரித்துப் போட்ட வெற்று நிலத்திலோ அப்பாவோ மாமாவோ வண்டியின் பின்னால் ஓடி ஓடிக் கற்பிப்பார். கிளட்சை மெல்ல விடத் தெரிந்ததும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ‘எட்டுப் போட்டு’க் காட்டியதும், கல்வி முடிந்துவிடும். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை நகரப் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் தனியாக இருப்பான். மைதானத்தில் எதிரே வண்டி வருவதில்லை. எட்டுப் போடும் இடத்தில் நாய் குறுக்கே ஓடுவதில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு படி விடுபட்டிருக்கிறது.

சில நாடுகளில் அந்தப் படியை விதியாகவே வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1990ஆம் ஆண்டு முதல், மோட்டார் சைக்கிள் பழக விரும்புபவர் சாலையில் தனியே ஓட்டுவதற்கு முன்பு ஓர் அடிப்படைப் பயிற்சியை முடித்தாக வேண்டும். அதன் இறுதிப் பகுதி, குறைந்தது இரண்டு மணி நேரம் உண்மையான சாலையில் ஓட்டுவது. ஒரு பயிற்சியாளருடன் அதிகபட்சம் இரண்டு கற்பவர்கள்தாம் செல்லலாம். மூவரும் தத்தம் வண்டிகளில் செல்வார்கள். பயிற்சியாளர் பெரும்பாலும் பின்னால் வந்து, கற்பவரின் காதில் பொருத்திய வானொலிக் கருவியின் வழியே பேசுவார்: கண்ணாடியைப் பார், இப்போது வேகத்தைக் குறை, அந்தக் கார் வெளியே வரக்கூடும். அப்பயிற்சியை முடித்த பிறகும், முழு உரிமம் பெறும்வரை பின்னிருக்கையில் ஒருவரையும் ஏற்றக் கூடாது. அதிவேக நெடுஞ்சாலையில் நுழையக் கூடாது.

பயிற்சிப் பள்ளிகளுக்கு வெளியே, அனுபவமுள்ள ஓட்டுநர்கள் புதியவர்களைக் கூட்டிச் செல்லும் பயணங்களும் பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளன. அவற்றின் ஒழுங்கு ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். முன்னால் வழியறிந்த ஒருவர் செல்வார். கடைசியில் ஒருவர் வருவார். பைக் குழுக்களில் இவரை ‘ஸ்வீப்’ என்பார்கள். என்ன நேர்ந்தாலும் இவர் எவரையும் முந்திச் செல்வதில்லை. குழுவிலேயே மிகவும் புதியவர், முன்செல்பவருக்கு அடுத்த இடத்தில் இருப்பார். கொல்லிமலையில் நடந்ததற்கு இது நேர் எதிர். மெதுவாகச் செல்பவரைக் கடைசியில் விட்டால், அவருக்கு முன்னால் இருப்பவர்களின் வேகமாற்றமெல்லாம் ஒன்றுகூடி அவரிடம் வந்து சேரும். முதல் வண்டி சற்றே வேகம் எடுத்தால், இடைவெளியைக் குறைக்க இரண்டாம் வண்டி இன்னும் சற்று வேகம் எடுக்கும். ஆறாவது வண்டி பறக்க வேண்டியிருக்கும். புதியவர் முன்செல்பவரின் பின்னாலேயே இருந்தால், அவருடைய வேகமே மொத்தக் குழுவின் வேகமாகிவிடும்.

இன்னொரு விதி எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. பின்பார்வைக் கண்ணாடியில் அவர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்போதும் தெரியாவிட்டால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். அவர் நின்றால் அவருக்கு முன்னால் செல்பவரின் கண்ணாடியிலிருந்து அவர் மறைவார், அவரும் நிறுத்துவார். இப்படியே செய்தி முதல் வண்டி வரை தானாகப் போய்ச் சேரும். கைப்பேசி தேவையில்லை. அன்று கொல்லிமலையில் இந்த ஒரு பழக்கம் மட்டும் இருந்திருந்தால், விழுந்த இளைஞர் இரண்டு நிமிடத்துக்கு மேல் தனியாகக் கிடந்திருக்க மாட்டார். இன்னும் சொல்லப்போனால், எட்டிப் பிடிக்கவேண்டிய தேவையே அவருக்கு இருந்திருக்காது.

தைரியம் தரும் ஆபத்து

இதுவரை படித்தவர்கள், துணையோடு நான்கு பயணம் போய்வந்தால் பிள்ளை பாதுகாப்பாகிவிடுவான் என்று முடிவு செய்திருக்கக்கூடும். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் மருத்துவமனை வெளியிடும் இதழில், ஒரு சிகிச்சையின் பயனைச் சொல்லும்போது அதன் பக்கவிளைவையும் சொல்வதே முறை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2010 முதல் 2012 வரை ஓர் ஆய்வுக்கு ஆள் சேர்த்தார்கள். மோட்டார் சைக்கிள் உரிமம் புதிதாகப் பெற்ற 2,399 பேர் அதில் சேர்ந்தனர். புதிய மருந்துகளைச் சோதிப்பதைப் போலவே, குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினருக்கு, அனுபவமுள்ள பயிற்றுநர் ஒருவருடன் சிறு குழுவாக நான்கு மணி நேரம் சாலையில் ஓட்டி, இடையிடையே நிறுத்திக் கலந்துரையாடும் வாய்ப்பு வழங்கப்பட்டது. மறு பாதியினருக்கு வழங்கப்படவில்லை. மூன்று மாதங்களுக்குப் பிறகும் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிறகும் இரு தரப்பினருக்கும் நேர்ந்த விபத்துகளை ஒப்பிட்டார்கள்.

வேறுபாடு இல்லை. பயிற்சி வாய்ப்புப் பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விபத்துக்குள்ளானார்கள். அதைவிடக் கவலை தருவது வேறொன்று. பயிற்சித் தரப்பினர் முன்பைவிட அதிகமாக வண்டி ஓட்டினார்கள், வேகவரம்பை மீறுவதாக அவர்களே ஒப்புக்கொண்டதும் அதிகம், தன்னம்பிக்கையும் அதிகம்.

நான்கு மணி நேரத் துணை, கைத்திறனைச் சற்றே கூட்டியிருக்கலாம். துணிவை அதைவிட அதிகமாகக் கூட்டிவிட்டது என்றே இந்த முடிவை நாங்கள் புரிந்துகொள்கிறோம். எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் இதற்கு ஒப்பான ஒன்றை அன்றாடம் காண்கிறோம். ஊன்றுகோலுடன் நடக்கப் பழகும் நோயாளி விழுவது பெரும்பாலும் முதல் நாளில் அன்று. முதல் நாளில் அஞ்சி அஞ்சி அடி வைப்பார். நாலைந்து நாள் கழிந்து, ‘இனி நானே போவேன்’ என்று இரவில் எவரையும் எழுப்பாமல் கழிப்பறைக்குப் புறப்படும்போதுதான் விழுவார்.

ஆகவே துணைப் பயணமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளவேண்டும் என்கிறோம். பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பும் பிள்ளையிடம், ‘நன்றாக ஓட்டினாய்’ என்று முதுகில் தட்டுவது எளிது. ‘எந்த இடத்தில் பயந்தாய்? எந்த வண்டியை நீ பார்க்கவே இல்லை?’ என்று கேட்பதுதான் துணையின் வேலை. தான் எதைக் கவனிக்கத் தவறினோம் என்பதைத் தெரிந்துகொண்டு வீடு திரும்பும் பிள்ளை, மறுநாள் சற்று மெதுவாகவே செல்லும்.

சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர்., வைத்திருப்பவர் செல்லத்தக்க உரிமம் உடைய ஒருவரின் துணையோடுதான் ஓட்ட வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிற ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் கற்பிப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது. தங்கையைக் கல்லூரியில் இறக்கிவிட்டு வரும் வேலையை எல்.எல்.ஆர். வைத்திருக்கும் அண்ணனிடம் ஒப்படைக்கும் வீடுகளுக்கு இது தெரிவதில்லை. இந்த உரிமம் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தபின் தேர்வுக்குச் செல்லலாம்.

ஆகவே எல்.எல்.ஆர். காலத்தில் கற்பிப்பவர் பின்னிருக்கையில்தான் இருக்க வேண்டும். நாங்கள் இங்கே பேசும் பயணம், அதாவது புதியவர் தம் வண்டியில் தனியாகவும் பெரியவர்கள் வேறு வண்டிகளில் முன்னும் பின்னுமாகவும் செல்வது, நிரந்தர உரிமம் கிடைத்த பின்பு தொடங்குவது. உரிமம் கிடைத்துவிட்டதே, இனி எதற்குத் துணை என்று பிள்ளைகள் கேட்பார்கள். விக்டோரியாவில் ஆய்வு செய்யப்பட்டவர்களும் உரிமம் பெற்றவர்கள்தாம். அட்டை கையில் இருந்தாலும் முதல் ஆறு மாதம் கற்பவரே.

பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளிடம் கியர் வண்டியைக் கொடுப்போருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம் என்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்கிறோம்.

வீட்டார் செய்யக்கூடிய துணைப் பயணம்

பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. அனுபவமுள்ள இருவர், மூன்று வண்டிகள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. துணைக்கு வரும் இருவரும் வேகமாக ஓட்டுபவர்களாக இருக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். எங்கள் அனுபவத்தில், கல்லூரி நண்பர்களைவிட நாற்பது வயதைக் கடந்த பெரியப்பாக்களும் பக்கத்து வீட்டுத் தபால்காரர்களும் இதற்குப் பொருத்தமானவர்கள். தினமும் வண்டியிலேயே பிழைப்பு நடத்துபவருக்கு, எந்தச் சந்திலிருந்து எது வெளியே வரும் என்பது மனப்பாடம்.

புறப்படும் முன்பு பத்து நிமிடம் நின்று பேசுங்கள். செல்லும் வழி, நிறுத்தும் இடங்கள், கை சைகைகள், யார் யாருக்குப் பின்னால் என்பன முடிவாகட்டும். சைடு ஸ்டாண்டு மடக்கப்பட்டதா, டயரில் காற்று சரியாக உள்ளதா, பின்பார்வைக் கண்ணாடிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். புது வண்டியில் அழகைக் கெடுக்கிறது என்று கண்ணாடியைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கும் பிள்ளைகள் பலர். சேலையோ துப்பட்டாவோ அணிந்து ஓட்டுபவர்கள் அதன் நுனியை இறுகச் செருகிக்கொள்ள வேண்டும். சக்கரத்தில் சிக்கிய துணியால் கழுத்தில் காயமுற்று வந்தவர்களுக்கு நாங்கள் சிகிச்சை அளித்திருக்கிறோம்.

தலைக்கவசம் ஐ.எஸ்.ஐ. முத்திரை கொண்டதாக, தலையில் ஆடாததாக இருக்க வேண்டும். நாடாவைப் பூட்ட வேண்டும். பூட்டாத தலைக்கவசம் தலை தரையில் மோதும் முன்பே கழன்று ஓடிவிடும். தலைக்கவசம் அணிவது தலைக்காயத்தின் வாய்ப்பை ஏறக்குறைய நூற்றுக்கு அறுபத்தொன்பது அளவிலும், உயிரிழப்பின் வாய்ப்பை நாற்பத்திரண்டு அளவிலும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

ஓட்டும்போது ஒற்றை வரிசையாகச் செல்லுங்கள். முன் வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்த பின், நிதானமாக இரண்டு வினாடி எண்ணி முடித்த பிறகே பின் வண்டி அதைக் கடக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 22 மீட்டர். ஈரச் சாலையில் இதை இரட்டிப்பாக்குங்கள். போக்குவரத்து விளக்கில் குழு பிரிந்தால் பிரியட்டும். முன்செல்பவர் விளக்கைத் தாண்டி ஓரமாகக் காத்திருப்பார் என்பதை முன்கூட்டியே பேசிவைத்திருந்தால், மஞ்சள் விளக்கில் யாரும் பாய மாட்டார்கள்.

முந்திச் செல்லும் நேரமே துணைப் பயணத்தின் மிகப் பெரிய கண்ணி. முன்செல்பவர் ஒரு டிராக்டரை முந்துகிறார். அவர் பார்த்தபோது எதிர்ச்சாலை காலியாக இருந்தது. பின்னால் வரும் பிள்ளை எதிர்ச்சாலையைப் பார்ப்பதில்லை. பெரியப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே அவர் பின்னால் வெளியேறுகிறது. அதற்குள் மூன்று வினாடி கழிந்துவிட்டது, எதிரே பேருந்து. ஆகையால் முதல் சில பயணங்களில் முந்துவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டருக்குப் பின்னால் ஐந்து கிலோமீட்டர் ஊர்ந்து செல்லவும் ஒரு பயிற்சி வேண்டும்.

நம் சாலைகளில் கற்பவருக்குக் காட்டவேண்டியவை வேறெந்த நாட்டுப் பாடநூலிலும் இருக்காது. வண்ணம் பூசாத வேகத்தடை. சாலையில் காயப்போட்ட நெல்லும் அதைச் சுற்றி அடுக்கிய கற்களும். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் வண்டிகள். நடுத்தடுப்பின் இடைவெளியிலிருந்து திடீரென்று திரும்பும் ஆட்டோ. ஓரமாகச் செல்லும்போது கடந்துபோகும் பேருந்தின் காற்று வண்டியைத் தள்ளுவது. ஒவ்வொன்றையும் கண்டபின் அடுத்த நிறுத்தத்தில் அதைப் பற்றிப் பேசுங்கள். அரை மணிக்கு ஒரு நிறுத்தம் போதும்; மொத்தம் இருபது கிலோமீட்டர் போதும். அதற்குமேல் புதியவரின் கவனம் தளர்ந்துவிடும். மலைப்பாதை, இரவு, மழை ஆகிய மூன்றும் பல மாதங்கள் கழித்து, ஒவ்வொன்றாக.

ஒரு பயணத்தை முழுவதுமாக பிரேக்குக்கென்றே ஒதுக்குங்கள். ‘முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்’ என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்த அறிவுரை பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் தாமாகவோ குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள் என்று அது கூறியது. இந்த எண்ணை மட்டும் வைத்து வீட்டாரைக் குறை கூற முடியாது. ஊரில் எல்லோருமே அப்படிக் கற்றிருந்தால் இது எதையும் மெய்ப்பிக்காது. ஆனால் அதே அறிக்கையின் இன்னொரு செய்தி எங்கள் நெஞ்சில் தைத்தது. ஆபத்து வேளையில் பெரும்பாலோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திச் சக்கரத்தை வழுக்கவிட்டார்கள்; முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. நாற்பதாண்டுகளுக்குப் பிறகு கொல்லிமலையில் நடந்ததும் அதுவே.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின் மீது சாய்கிறது. ஆகவே நிறுத்தும் வலிமையின் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் உள்ளது. அதை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் படிப்படியாக இறுக்க வேண்டும். வண்டி நேராக இருக்க வேண்டும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய வண்டிகளில் 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றில் ஏ.பி.எஸ். வசதியும், அதற்குட்பட்டவற்றில் குறைந்தபட்சம் இரு பிரேக்குகளையும் இணைக்கும் வசதியும் உள்ளன. உங்கள் வீட்டு வண்டி பழையதானால் இரண்டும் இல்லாதிருக்கலாம். அப்படியானால் இந்தப் பயிற்சி இன்னும் தேவை. ஆளில்லாத நேரான இடத்தில், 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து தொடங்குங்கள்.

விழுந்தால்

துணையின் மிகத் தெளிவான பயன் இதுதான்: விழுந்தவர் அருகில் ஒருவர் இருப்பார். பின்னால் வருபவர் முதலில் தம் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தி, வரும் வாகனங்களை எச்சரிக்கட்டும். பிறகு 108. விழுந்தவர் பேசுகிறாரா, மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். எழுப்பி உட்கார வைக்காதீர்கள்; தண்ணீர் கொடுக்காதீர்கள், அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். மூச்சு சீராக இருந்தால் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாமல் விட்டுவிடுங்கள். மூச்சு தடைப்பட்டுக் கழற்றியே ஆகவேண்டுமென்றால், ஒருவர் கழுத்தையும் தலையையும் அசையாமல் பிடித்துக்கொள்ள மற்றொருவர் மெதுவாகக் கழற்ற வேண்டும். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் நடைபெறும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வழிப்போக்கராக உதவுபவரைச் சட்டம் பாதுகாக்கிறது. தம் பெயரைச் சொல்லவும் அவரை வற்புறுத்த முடியாது. அந்த மினி லாரி ஓட்டுநர் பெயர் சொல்லாமலே சென்றார்.

மீண்டும் ஓட்டுவது எப்போது

எங்கள் புறநோயாளிப் பிரிவில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எலும்பு கூடிவிட்டதாக எக்ஸ்ரே சொல்வது மட்டும் போதாது. சாதாரண வண்டியே ஏறத்தாழ 110 கிலோ இருக்கும். சிக்னலில் அது ஒருபுறம் சாய்ந்தால் அந்தக் காலால் தாங்க முடிய வேண்டும். இடக்கை கிளட்சைப் பலமுறை இறுக்கி விட முடிய வேண்டும். வலக்கால் தயக்கமின்றி பிரேக்கை மிதிக்க வேண்டும். தலையில் அடிபட்டவர்களுக்கு, வெளிக்காயம் ஆறிய பின்பும் சில காலம் தலைவலி, கவனச் சிதறல், ஒளியைக் கண்டால் கூச்சம் ஆகியவை இருக்கலாம். அந்நிலையில் ஓட்டக் கூடாது. வலிப்பு வந்தவர்கள் அதை மறைக்க வேண்டாம். உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழியிலேயே அது பற்றிய கேள்வி உண்டு. நரம்பியல் மருத்துவரின் ஆலோசனையின்றி வண்டியைத் தொடாதீர்கள். டிரமடால், பிரிகாபாலின், கபாபென்டின் போன்ற வலி மருந்துகளும், சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரும் சில மாத்திரைகளும் உறக்கத்தைத் தூண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் உண்ணாமல் புறப்படக் கூடாது.

மீண்டும் ஓட்டத் தொடங்குபவரும் ஒரு வகையில் கற்பவரே. இருபதாண்டு ஓட்டியவராயினும், விபத்துக்குப் பிறகான முதல் சில பயணங்களில் முன்னும் பின்னும் ஒருவர் இருக்கட்டும். விழுந்த இடத்தைக் கடக்கும்போது கை நடுங்குவதாகப் பலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடுக்கம் நீடித்தால் எங்கள் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

கொல்லிமலையில் விழுந்த இளைஞர் வைகாசியில் மறுபரிசோதனைக்கு வந்தார். காலில் வைத்த கம்பி உள்ளேயே இருக்கிறது. எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது. இடக்கையின் பிடி வலக்கையில் பாதிதான் இருந்தது. இன்னும் ஆறு வாரம் பயிற்சி செய்து வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றோம். முகம் வாடியது. தாயார் குறுக்கிட்டு, தம் தம்பியும் தம்பியின் நண்பரும் முன்னும் பின்னும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அந்தத் தம்பி எத்தனை வேகத்தில் ஓட்டுவார் என்று கேட்டோம்.

“அவன் பால் வண்டிக்காரன் சார்,” என்றார் அவர். “ரெண்டு பக்கமும் கேன் கட்டிக்கிட்டு முப்பதுக்கு மேல போக மாட்டான்.”

ஆடி மாதம் வரும்போது அவரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறோம்.